தடமும் ஸ்வரமும்

பாஸ் கிதார் வாசிப்பவர்களிடையே ஒரு பழைய தர்க்கம் உண்டு. சரியான ஸ்வரம் முக்கியமா, க்ரூவ் முக்கியமா? க்ரூவ்தான் என்று பெரும்பாலோர் உடனே சொல்லிவிடுகிறார்கள். அந்த வேகம்தான் எனக்குச் சந்தேகம் தருகிறது. 'உணர்ச்சி இருந்தால் போதும், மற்றதெல்லாம் பண்டிதர் வேலை' என்று கவிதை விஷயத்தில் சொல்கிறவர்களின் குரல் அதில் கேட்கிறது. ஆயினும் அந்தப் பதில் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்கள் தரும் காரணங்களுக்காக அல்ல.

முதலில் வார்த்தை. க்ரூவ் என்பதை லயம் என்று சொல்லிவிடலாம். ஆனால் லயம் என்றதும் நம் காது தாளத்துக்கும் கணக்குக்கும் போய்விடுகிறது. க்ரூவ் கணக்குக்கு உட்பட்டதுதான், கணக்கு அல்ல. அச்சொல்லின் நேர்ப்பொருள் நீண்ட பள்ளம். இசைத்தட்டில் ஊசி ஓடும் வரிக்கும் அதுதான் பெயர். மண் ரோட்டில் வண்டிகள் போய்ப் போய் ஆழமாகிவிட்ட தடம் போன்றது. சக்கரம் அதில் விழுந்தபின் வண்டிக்காரன் மாட்டை அதட்ட வேண்டியதில்லை. 'தடம்' என்றே எழுதுகிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் க்ரூவ் என்று வாசித்துக்கொள்ளலாம்.

கல்லூரி நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டு வருஷம் பாஸ் வாசித்தேன். ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த காலம். எல்லாவற்றையும் புத்தகத்தில் பார்த்துக் கற்றுவிடலாம் என்ற எண்ணம். நோட்டேஷன் படிக்கக் கற்றேன். ஸ்வரம் தவறியதில்லை, அதில் கர்வமும் இருந்தது. ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது ட்ரம்ஸ் வாசித்த நண்பன் சொன்னான்: "நீ தப்பா ஒண்ணும் வாசிக்கலைடா. ஆனா உன்கூடச் சேர்ந்து வாசிக்க முடியலை." கோபப்பட்டேன். தப்பு இல்லையென்றால் வேறென்ன வேண்டும் என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் வெகு காலம் விளங்கவில்லை. பிறகு வங்கி வேலை வந்தது, பாஸை விற்றுவிட்டேன். அவன் சொன்ன வாக்கியம் மட்டும் தங்கிவிட்டது. மதிப்புரை எழுத உட்காரும்போது சில சமயம் கையைப் பிடிக்கிறது.

விஷயத்தை விளக்க ஜேம்ஸ் ஜேமர்ஸனை விட்டால் ஆள் இல்லை. 1936-ல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். 1954-ல் டெட்ராய்ட் வந்தார். பள்ளியில் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பாஸைக் கற்று ஜாஸில் பழகியவர். 1959-லிருந்து மோட்டவுன் கம்பெனியின் ஒலிப்பதிவுகளில் வாசித்தார். வெஸ்ட் கிராண்ட் பூலவார்டில் ஒரு வீட்டை மாற்றிக் கட்டிய சிறிய ஸ்டூடியோ; வாத்தியக்காரர்கள் அதற்குப் பாம்புக்குழி என்று பெயர் வைத்திருந்தார்கள். டிரம்ஸ், பியானோ, கிதார், பாஸ் எல்லாம் அந்த ஒரே அறையில் சேர்ந்து வாசித்தன. ஸ்டீவி ஒண்டர், மார்வின் கே, ஃபோர் டாப்ஸ், சுப்ரீம்ஸ் - 1960களில் உலகம் முழுக்கக் கேட்ட இந்தக் குரல்களின் அடியில் ஓடுவது பெரும்பாலும் இவர் கை.

அந்தக் கையைப் பற்றியும் வாத்தியத்தைப் பற்றியும் தெரிந்துகொள்வது அவசியம். வலது கையில் ஒரே ஒரு விரல்தான், ஆட்காட்டி விரல். நண்பர்கள் அதைக் கொக்கி என்றே அழைத்தார்கள். 1962 மாடல் ஃபெண்டர் ப்ரெஸிஷன். அதில் கனமான, வழவழப்பான தந்திகள். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். தந்திகள் மரத்திலிருந்து எழும்பி நிற்கும், அழுத்தக் கை வலிக்கும். பிரிட்ஜ் மூடியின் கீழே ஒரு பஞ்சுத் துண்டு தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதெல்லாம் சேர்ந்து என்ன செய்கிறது? ஸ்வரத்தின் ஆயுளைக் குறைக்கிறது. கணீரென்று நீளாமல் 'தும்' என்று விழுந்து அடங்கிவிடுகிறது. எந்த ஸ்வரம் என்பதைவிட எப்போது விழுந்தது என்பதுதான் முதலில் காதில் படுகிறது. எவ்வளவு நேரம் நின்றது, எங்கே மௌனமானது என்பதும் அப்படியே. வாத்தியத்தையே அவர் காலத்தின் பக்கம் சாய்த்து வைத்திருந்தார்.

ஸ்வரங்களைப் பொறுத்தவரை, கண்டிப்பான ஒரு வாத்தியார் சிவப்பு மையில் சுழிக்கக்கூடியவை அவரிடம் நிறைய. அந்தக் கார்டுக்குச் சம்பந்தமில்லாத அரை ஸ்வரங்களை வழியில் மிதித்துக்கொண்டு போவார். அழுத்தாத வெற்றுத் தந்தியை, பாட்டு எந்தக் கட்டையில் இருந்தாலும், தாண்டும் கல்லாக உபயோகிப்பார்; அது ஒலிக்கிற இமைப்பொழுதில் இடது கை வேறு இடத்துக்குப் போய்விடும். ஸ்டீவி ஒண்டரின் 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' 1968-ல் வந்தது. அதன் பாஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். சொன்னதையே திரும்பச் சொல்வது அபூர்வம், நின்று யோசிப்பது அறவே இல்லை. பேச்சு தடைபடாத ஒரு மனிதன் பக்கத்தில் நடந்து வருவதுபோல இருக்கும். அந்நிய ஸ்வரங்கள் ஒன்றுகூட அந்நியமாகக் கேட்பதில்லை.

ஏன்? 'உணர்ச்சி' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக்கூடாது. அழுத்தம் விழும் இடத்தில், விழவேண்டிய கணத்தில், அவர் வந்து சேர்ந்துவிடுகிறார். இடையில் மிதித்ததெல்லாம் வந்து சேர்வதற்கான வழி என்று காது எடுத்துக்கொள்கிறது. நிச்சயம் வருவான் என்று தெரிந்தவன் எந்தச் சந்தில் புகுந்து வந்தால் என்ன? அதே அரை ஸ்வரத்தைச் சற்றுத் தயங்கி வாசித்தால் அது பிழை. தயக்கமின்றி உரிய இடத்தில் வைத்தால் அது பாதை. ஆக ஸ்வரத்தின் சரி-தவறு காலத்தைச் சார்ந்து நிற்கிறது. காலத்தின் சரி-தவறோ ஸ்வரத்தைச் சார்ந்து நிற்கவில்லை. ஸ்வரமே இல்லாத கைத்தட்டலுக்குக்கூடத் தடம் உண்டு. தடம் இல்லாத சரியான ஸ்வரங்கள் ஒரு ஸ்வரப் பட்டியல், அவ்வளவுதான். எது முக்கியம் என்ற கேள்வியைவிட எது எதைத் தாங்குகிறது என்ற கேள்வி எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இங்கே ஓர் ஆட்சேபத்தைச் சந்தித்தாக வேண்டும், வலுவான ஆட்சேபம். பாஸின் தவறான ஸ்வரம் கிதாரின் தவறான ஸ்வரம் போன்றதல்ல. மேலே மற்றவர்கள் ஸ-க-ப என்று மூன்று ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். கீழே பாஸ் ஷட்ஜத்தைத் தந்தால் அது ஒரு கார்ட். பாஸ் தைவதத்தைத் தந்தால், மேலே ஒருவரும் விரலை அசைக்காதபோதே, அது வேறு கார்ட். வெளிச்சமாக இருந்தது இருட்டிவிடுகிறது. கீழே இருப்பவன் மாறினால் மேலே இருப்பவர்கள் சொன்னதன் அர்த்தமே மாறிப்போகிறது. பீச் பாய்ஸின் பிரையன் வில்ஸன் 1966-ல் 'பெட் சவுண்ட்ஸ்' தட்டில் இந்த அதிகாரத்தை வேண்டுமென்றே கையாண்டார். எதிர்பார்க்கிற ஸ்வரத்தைப் பாஸுக்குத் தராமல் பக்கத்து ஸ்வரத்தைத் தந்து பாட்டையே அந்தரத்தில் நிறுத்தினார். ஆகவே 'ஸ்வரம் தவறினால் என்ன, தடம் இருக்கிறதே' என்று பாஸ் வாசிப்பவன் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. அவன் தவறு அவனோடு நிற்பதில்லை. மற்றவர்கள் சரியாகச் செய்ததையும் தவறாக்கிவிடுகிறது.

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது தடத்துக்கு எதிரான வாதம் அல்ல. ஸ்வரம் முக்கியமாவது அது மற்றவர்களைத் தொடுவதால் என்றால், தடம் அதைவிட அதிகமாக மற்றவர்களைத் தொடுகிறது. ஸ்வரம் பிசகினால் ஒரு கார்ட் கெடும், அடுத்த அளவில் சரியாகிவிடலாம். தடம் பிசகினால் எல்லோருக்கும் காலடியில் தரை நகர்கிறது. பாடகன் எங்கே மூச்சு வாங்குவதென்று தெரியாமல் திரும்பிப் பார்க்கிறான். என் நண்பன் சொன்னது இதுதான். நான் தாளுக்கு விசுவாசமாக இருந்தேன், பக்கத்தில் இருந்தவனுக்கு அல்ல.

விக்டர் வூட்டன் என்ற பாஸ் கலைஞர் 'தி மியூஸிக் லெஸன்' என்றொரு புத்தகம் எழுதியிருக்கிறார். 2008-ல் பரவலாக வெளிவந்தது. அதில் முதல் பாடம் க்ரூவ், இரண்டாவதுதான் ஸ்வரம். தவறான ஸ்வரத்தில் அகப்பட்டுக்கொண்டால் சரியானது அரை ஸ்வர தூரத்துக்கு மேல் இருக்காது என்று அவர் தைரியம் சொல்கிறார். நல்ல ஆசிரியர் சொல்லவேண்டிய வார்த்தைதான். ஆனால் அவருடைய விரல்கள் எல்லா ஸ்வரங்களையும் அறிந்தவை. அறியாதவர்கள் இதை மேற்கோளாக்கும்போது அது சோம்பலுக்குச் சான்றிதழ் ஆகிவிடுகிறது. யாப்பைக் கற்றுத் துறந்தவர்களுக்கும் கற்காமலே துறந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புதிதல்ல. எலியட் 'செவிக் கற்பனை' என்று ஒன்றைச் சொன்னபோது (1933), எண்ணத்துக்கும் கீழே போய் வேலை செய்கிற ஓசையுணர்வையே குறித்தார். அதுவும் பயிற்சி பெற்ற செவியின் கற்பனைதான். ஜேமர்ஸனும் மோட்டவுனில் ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தார். பின்னர்தான் கார்டின் பெயரை மட்டும் கொடுத்து அவரை விட்டுவிட்டார்கள்.

அறிஞர்களும் இதில் கைவைத்திருக்கிறார்கள். சார்ல்ஸ் கைல் 1987-ல் எழுதிய ஒரு கட்டுரையில், வாத்தியங்கள் கொஞ்சம் காலம் பிசகி, கொஞ்சம் சுருதி பிசகி நிற்பதால்தான் நாம் இசைக்குள் நுழைய முடிகிறது என்றார். அழகான எண்ணம். கவிஞர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் 2013-ல் வெளியான ஒரு பரிசோதனையில், இயந்திரத் துல்லியத்தோடு இருந்த தாளத் துணுக்குகளைவிட நுட்பமாக நகர்த்தப்பட்டவற்றைக் கேட்டவர்கள் அதிகம் ரசித்துவிடவில்லை. பிசகைக் கூட்டக் கூட்ட ரசனை குறைந்தது. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. பிசகை அளந்து, அதையே தனியாகப் புகுத்தினால் தடம் வந்துவிடும் என்பது மறுபடியும் கணக்குப் புத்திதான். சேர்ந்து வாசிக்கும் ஒருவன் இன்னொருவனுக்காகச் சற்றுக் காத்திருப்பது வேறு விஷயம்.

கணக்குப் புத்தியைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு. பதிவு செய்யப்படாத ஒன்று எங்கள் உலகில் நடக்கவே இல்லை. மாலையில் ரொக்கமும் பதிவும் ஒத்துப்போனால் அந்த நாள் சரியான நாள். கவுண்டரில் ஒரு கிழவிக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த பத்து நிமிஷத்துக்கு எந்தக் கணக்குத் தலைப்பும் இல்லை. ஜேமர்ஸனின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு உறுத்தியது இதுதான். பாட்டின் உரிமை மெட்டையும் வார்த்தையையும் எழுதியவர்களுக்கு. தாளில் இருப்பது சொத்து. அந்தப் பாட்டை உலகம் ஆடக் காரணமாயிருந்த தடத்துக்குத் தாளில் இடமில்லை. அவருக்கு வாசிப்புக் கூலி கிடைத்தது. வருஷக்கணக்காகத் தட்டுகளின் உறையில் பெயர்கூட இல்லை. 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' உறையில்தான் 'ஒப்பற்ற' என்ற அடைமொழியோடு வந்தது. மறு வருஷமே கம்பெனி டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது.

சட்டம் பிறகு ஒருமுறை தடத்தின் பக்கம் திரும்பியதுபோலத் தோன்றியது. 'பிளர்டு லைன்ஸ்' என்ற பாட்டு, மார்வின் கே 1977-ல் வெளியிட்ட ஒரு பாட்டைப் பின்பற்றியது என்று 2015-ல் அமெரிக்க ஜூரி தீர்ப்பளித்தது. 2018-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. திருடியது மெட்டையல்ல, க்ரூவை என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். க்ரூவுக்குச் சொந்தக்காரர் கூடாது என்று இருநூறுக்கு மேற்பட்ட இசைக்காரர்கள் கோர்ட்டில் மனுச் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், உரிமைக்காகப் பதிவு செய்திருந்த தாளில் இருப்பதை மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பதுதான் அங்கும் நீதிபதி விதித்த எல்லை. பணமும் இயற்றியவரின் வாரிசுகளுக்குத்தான். இது அநியாயம் என்று கத்தவும் எனக்கு வாய் வரவில்லை. தடத்தை ஒருவன் பெயரில் எழுதிவைத்தால் நாளை எவனும் அந்த வழியே வண்டி ஓட்ட முடியாது. ஆனால் எவன் சொத்தும் அல்ல என்பதாலேயே எவனுக்கும் கடன்படவில்லை என்றாகிவிடுமா? எனக்கு விடை தெரியவில்லை.

1989-ல் ஜேமர்ஸனைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது: வாழ்க்கை வரலாறு, கூடவே அவருடைய பாஸ் வரிகள் நோட்டேஷனில். பெரிய சேவை, மறுப்பதற்கில்லை. பெயர் பரவியது அதனால்தான். ஆனால் அன்று முதல் அந்த வழி தவறிய அரை ஸ்வரங்களும் வெற்றுத் தந்திகளும் 'சரியான ஸ்வரங்கள்' ஆகிவிட்டன. மாணவர்கள் அவற்றை ஒன்றுவிடாமல் வாசிக்கிறார்கள். ஒன்றை விட்டால் தப்பு. நான் கல்லூரியில் வாசித்ததுபோலவே வாசிக்கிறார்கள்.

1983 மார்ச்சில் மோட்டவுனின் 25 வருஷ நிறைவை பாஸடீனா நகரில் பெரிய விழாவாகக் கொண்டாடினார்கள். ஜேமர்ஸனுக்கு மேடையில் இடமில்லை. டிக்கெட் வாங்கி, மேலே பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். குடி உடம்பைத் தின்றிருந்தது. ஆகஸ்ட் 2-ந் தேதி இறந்தார், வயது 47. அதற்குச் சில நாட்கள் முன்னால் அவருடைய ஃபெண்டர் பாஸை யாரோ திருடிக்கொண்டு போயிருந்தார்கள். எடுத்துப்போனவன் முதல் வேலையாகத் தந்திகளைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டியிருப்பான்.