சிரிப்பில் ஒளிந்த தீர்ப்பு

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியம், எள்ளலை அவற்றுள் முதலாவதாக வைத்தது. எள்ளலின் ஆற்றலை அன்றே உணர்ந்திருந்தது தமிழ். எனினும், ஓர் இனத்தாரையோ பெண்களையோ இழித்து நையாண்டி பேசிவிட்டு, "வெறும் வேடிக்கைதானே! இதற்கா வருத்தம்?" என்று கேட்போர் இன்றும் உளர். வேடிக்கைதானா? ஆராய்வோம்.

"மனைவி கார் ஓட்டப் பழகினாள், தெருவார் உயில் எழுதத் தொடங்கினர்" என்றொரு துணுக்கு. பெண்ணுக்கு அறிவு குறைவு என்று அதில் ஒரு சொல்லேனும் உண்டா? இல்லை! அந்தச் சொல்லைக் கேட்பவரே தம் உள்ளத்திலிருந்து எடுத்து நிரப்புகிறார். நிரப்பினால்தான் சிரிப்பு வரும். மனைவி இருந்த இடத்தில் கணவனை வைத்துப் பாருங்கள். துணுக்கின் பாதி உயிர் போய்விடும். ஆம், சொல்பவர் சொல்லாமல் விட்ட பொய்யைக் கேட்பவர் முடித்து வைக்கிறார். சிரிப்பு, அதற்கு இடப்படும் ஒப்பம்!

"அந்தப் பொய்யை நாங்கள் அறிவோம், நம்புவதில்லையே" என்பர் சிலர். மெய்யாகவே இருக்கட்டும். கள்ள நாணயத்தை அச்சிட்டவன் எவனோ. எனினும் கைமாற்றுவோர் இல்லையேல் அது செல்லுமோ?

அமெரிக்காவின் கதை கேளீர்! 1830களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர், சுட்ட தக்கையின் கரியை முகத்தில் பூசி, 'ஜிம் குரோ' என்ற கறுப்பராக ஆடிப் பாடினார். அரங்கம் கைகொட்டிச் சிரித்தது. அடிமை முறை 1865இல் ஒழிந்தது. அந்தப் பெயர் ஒழியவில்லை. கறுப்பின மக்களுக்குத் தனிப் பெட்டி, தனிப் பள்ளி என்று தென் மாநிலங்கள் இயற்றிய சட்டங்களுக்கு 'ஜிம் குரோ சட்டங்கள்' என்றே பெயர் வழங்கிற்று! தனிப் பெட்டி முறை செல்லும் என்று 1896இல் உச்ச நீதிமன்றமும் உரைத்தது. மேடையில் கோமாளியாய்க் காட்டப்பட்டவரை மன்றத்தில் மனிதராய் மதிப்பது எங்ஙனம்? சட்டம் எழுதியது சிரிப்பன்று. ஆனால் எழுதிய கை நடுங்காமல் காத்தது சிரிப்பே! பிரிட்டனிலோ, கரி பூசிய முகங்களின் ஆட்டத்தை பி.பி.சி. தொலைக்காட்சி 1958 முதல் 1978 வரை ஒளிபரப்பியது.

இத்தகைய துணுக்கு, எள்ளப்படுவோரைப் பற்றி எதுவும் உரைப்பதில்லை. எள்ளுவோர் எந்தப் படியில் நிற்க விழைகிறார் என்பதையே உரைக்கிறது. தாழ்த்தப்பட்டவரோ இருதலைக் கொள்ளி எறும்பாகிறார். உடன் சிரித்தால் இழிவை ஏற்றவராவார். சிரிக்க மறுத்தால் சுவையறியாதவர் என்ற பட்டம் சூட்டப்பெறுவார்.

அங்ஙனமாயின் சிரிப்பே வேண்டாவோ? வேண்டும்! 1940இல் சார்லி சாப்ளின் திரையிலே இட்லரை எள்ளினார். அவர் நகைத்தது பிறப்பையன்று, கொடுஞ்செயலை. எளியவரையன்று, ஆணவம் கொண்டவரை. பிறந்ததற்காக ஒருவரை எள்ளுவது கோழைமை; செய்ததற்காக எள்ளுவது நீதி. இனி ஒரு துணுக்குக்கு நகைக்குமுன் நம்மை நாமே கேட்போம்: அதில் நாம் நிரப்பிய சொல் எது?