வளைவும் வண்டலும்

காவிரிப் படுகையில் பிறந்தவர்க்கு மலை என்பது தொலைவில் கேட்கும் செய்தி. நம் வயல்களில் அரிவாள் தீட்ட ஒரு கல்லைத் தேடினாலும் கிடைப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கற்களும் வெளியிலிருந்து வந்தவையே. ஆதலால் நம்மவர் மலையேறும்போது மற்றவர் காணாத ஒன்றைக் காண வாய்ப்புண்டு.

திருமலையில் சிலாதோரணம் என்றோர் இயற்கைப் பாறை வளைவு உள்ளது. அலிபிரியிலிருந்து 3,500க்கு மேற்பட்ட படிகள் ஏறி, இந்துப் பெருமக்கள் போற்றும் கோயிலைக் கடந்து, வடக்கே சிறிது தொலைவு நடந்தால் அதனை அடையலாம். அகலம் ஏறத்தாழ 8 மீட்டர், உயரம் 3 மீட்டர். மழையும் காற்றும் மெலிந்த பகுதியை அரித்தெடுக்க, உறுதியானது நின்றது. மூச்சு வாங்க ஏறிச் சென்று நாம் வியப்பது எதனை? கல்லையா, கல் போன இடத்தையா?

போன கல் மணலாகவும் வண்டலாகவும் பள்ளம் நோக்கிப் போயிற்று. அந்த மலையின் துகள் நம் வயலுக்கு வரவில்லைதான். ஆனால் மேற்கே குடகு மலையும் இவ்வாறே தேய்ந்துதான் காவிரி நமக்கு நிலம் தந்தது. நம் சம்பா வேரூன்றி நிற்பது ஏதோவொரு மலையின் இழப்பில்.

அருள்மறையின் இரண்டாம் அத்தியாயம் இறுகிய உள்ளங்களைக் கல்லோடு ஒப்பிட்டுவிட்டு, உடனே கல்லுக்காகப் பேசுகிறது: கல்லிலிருந்தாவது ஆறுகள் பிறக்கின்றன என்று உணர்த்துகிறது. ஆயினும் கல் கொடுக்கிறது எனலாமா? அதற்கு நிய்யத்து இல்லை. அதனிடமிருந்து எடுக்கப்படுகிறது, மனிதனிடமோ கேட்கப்படுகிறது.

இங்கேதான் நம் ஊர்களின் நிலை உறுத்துகிறது. ரமலானில் நகைக்கும் ரொக்கத்துக்கும் ஜகாத்துக் கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் பல, களத்து நெல்லுக்கு உஷ்ரு பார்ப்பதில்லை. அறுவடை நாளிலேயே அதற்குரியதைக் கொடுக்கும்படி மறை ஏவுகிறது. வானமும் ஆறும் தாமே பாய்ச்சியதில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அளவும் வகுத்தார்கள். ஷாபிஈ மத்ஹபில் ஐந்து வஸக்கு என்னும் வரம்புண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதற்குக் குறைந்த விளைச்சலுக்கும் கடமை என்றார்கள். ஆற்றுநீர்ச் சம்பாவுக்கும் பம்புசெட்டுக் குறுவைக்கும் கணக்கு எவ்வாறென்று ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம், கேட்பார்தாம் அரிது. உரமும் ஆள்கூலியும் போக என்ன மிச்சம் என்பதே பலருடைய விடை. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. கொடுத்துக் கொடுத்து நாமே விழுந்துவிட்டால்?

பாறை வளைவுகளும் விழும். மால்டாவின் கோஸோ தீவில் கடலோரம் நின்ற நீலச் சாளரம் 2017 மார்ச் 8 அன்று புயலில் சரிந்தது. எஞ்சிய கல் தன் பாரத்தைத் தாங்கும் வரைதான் வளைவு நிற்கும். அரிக்கும் நீருக்கோ வரம்பு தெரியாது. மார்க்கம் வரம்பு கட்டியது. தம் சொத்தின் பெரும்பகுதியை அறத்துக்கு எழுதிவைக்க விரும்பிய ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களை நபிகளார் மூன்றில் ஒன்றோடு நிறுத்தினார்கள். அதுவே அதிகம் என்றும் கூறினார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தலாகாதே!

பத்தில் ஒன்று போனால் ஒன்பது நிற்கிறது. அந்த ஒன்பதின்மேல் ஒரு குடும்பம் நிற்க முடியவில்லையென்றால், கோளாறு உஷ்ரில் இல்லை. வட்டிக் கடனிலோ, நிக்காஹ் விருந்திலோ, நெல்லுக்குக் கிடைக்கும் விலையிலோ அதனைத் தேட வேண்டும். தை மாதத்தில், களத்தில் நெல் குவிந்திருக்கும்போது, மூட்டை தைக்குமுன் இதனை வீட்டில் பேசிக்கொள்வது நல்லது.