எழுத்தாளர் வகுப்பறைக்குள் வரட்டும்



ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்தால் பாடசாலைகளுக்கு எழுத்தாளர்களை அழைக்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மங்கள விளக்கு, மாலை, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடிந்து அவர் பேச எழும்போது பிள்ளைகள் களைத்திருப்பார்கள். நிறைய வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு அவரும் பஸ் ஏறிவிடுவார். ஒரு பக்கம் எப்படி எழுதப்படுகிறது என்பதை ஒரு பிள்ளையும் கண்டிருக்காது. எழுத்தாளரை மேடையில் ஏற்றுவதை விட்டு, வகுப்பறையில் உட்கார வைக்க வேண்டும்.

மலையகத்தின் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் பச்சைக் கம்பளம் விரித்த மலைகள், வெள்ளியாய் விழும் அருவிகள் என்றே பல பிள்ளைகள் தொடங்குகிறார்கள். அது சுற்றுலா வந்தவர் பார்த்த ஊர். அம்மா காலையில் பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுத்து, கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் கூலிதானே என்ற கவலையோடு நிறுவைக்கு நிற்கும் ஊர் கொப்பிக்குள் வருவதே இல்லை. அதெல்லாம் கட்டுரைக்கு ஆகாது என்று யாரும் சொல்லாமலே பிள்ளை முடிவு செய்துவிடுகிறது.

அந்த முடிவு தவறு என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வழியிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர் தோட்டத்து வாழ்க்கையை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார்; லயம் என்னும் வரிசை வீடுகளில் வாழ்ந்த மக்களின் வாயிலிருந்த நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். இன்னொரு மலையக எழுத்தாளரான தெளிவத்தை ஜோசப் தாம் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு எழுதினார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது. பிரட்டுக்களமும் லயமும் இலக்கியம் ஆகுமா என்ற கேள்விக்கு இவர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நேரம் ஏது, பரீட்சைக்கே நேரம் போதவில்லை என்று சிலர் சொல்வார்கள். சாதாரண தரத் தமிழ் வினாத்தாளிலும் கட்டுரை இருக்கிறதே! மனப்பாடம் செய்த கட்டுரை, தலைப்பு சற்று மாறினாலே கைவிட்டுவிடும். கண்டதை எழுதப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. எழுத்தாளரோடு உட்கார்ந்து எழுதத் தவணைக்கு இரண்டு பாடவேளை ஒதுக்குவதால் எந்தப் பெறுபேறும் குறைந்துவிடாது.

லயத்தை விட்டு வெளியேறத்தானே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம், அதையே எழுத வைப்பதா என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளியேறத்தான் வேண்டும். ஆனால் நம் மக்களைப் பற்றி நெடுங்காலம் துரைமாரும் அதிகாரிகளும்தான் எழுதினார்கள். செக்ரோல் என்ற பதிவேட்டில் பெயரும் கூலியும் பதிந்தார்கள். அந்தப் பெயருக்குரியவரின் பசியையும் கோபத்தையும் யார் பதிந்தார்கள்? தன் நிலையைத் தானே எழுதத் தெரிந்த பிள்ளை, நாளைக்குக் காணிக்கும் வீட்டுக்கும் விண்ணப்பம் எழுதும்போதும் பிறர் கையை எதிர்பார்க்காது.

ஆகவே, அதிபர்களே, ஆசிரியர்களே, வரும் வாசிப்பு மாதத்தில் பொன்னாடை வாங்காதீர்கள். கொழும்பிலிருந்து பெரியவர் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மலையகத்தில் எழுதுகிறவர்களில் பலர் ஆசிரியர்களே, அடுத்த தோட்டத்திலேயே ஒருவர் இருக்கக்கூடும். அடித்தல் திருத்தலோடு தம் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் வரியை ஏன் வெட்டினார் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டட்டும். பிறகு அரை மணி நேரம் பிள்ளைகள் எழுதட்டும். அவர்கள் எழுதியதை அவர் உட்கார்ந்து வாசிக்கட்டும்.