தீ வைத்தவன் யார்?

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத் தீ மூண்டது. மலையேறச் சென்றிருந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

காட்டுத் தீ என்றதும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: வைத்தவன் யார்? புதுப் புல் தளிர்க்கட்டும் என்று மேய்ப்பவன் வைத்தான் என்பார் ஒருவர். அணைக்காமல் எறிந்த பீடி என்பார் மற்றொருவர். நம் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதன் கையால்தான் பிறக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், ஒரு பொறி மட்டுமே ஒரு மலையை எரித்துவிடுமா? மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும் புல் வேண்டும்; காற்று வேண்டும். சரிவில் ஏறும் தீயோ, மேலே நிற்கும் புல்லைத் தன் அனலாலேயே உலர்த்திக்கொண்டு ஓடுகிறது.

குற்றவாளியைத் தேடுவது நீதிக்கு அவசியம். ஆனால் அவன் அகப்பட்டதும், 'நல்லவேளை, நாமல்ல' என்று நம் மனம் ஆறிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்த ஆண்டே அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது, நல்லதுதான். அவை தீயின் வழியில் மனிதன் போகாமல் தடுக்கும். மனிதன் வழியில் தீ வராமல் தடுப்பது வேறு வேலை.

கோடைக்கு முன்பே புல்லையும் சருகையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறானே கூலியாள், அவனுக்கு யார் மாலை போடுகிறார்கள்? அவன் வேலை பலித்தால் ஒன்றுமே நடப்பதில்லை. மூளாத தீயைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்? நேராமல் போன துன்பத்துக்கு நன்றி சொல்ல நாம் பழகவில்லை. அதனால்தான், கோடு வெட்டாமல் விட்ட ஆண்டிலும் ஏனென்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.