அரைகுறையின் அருமை

நாம் நேசிக்கும் ஒன்றின் சிறந்த பகுதிகள் மாத்திரம் நம்மிடம் இருந்தால் போதுமா, அல்லது அதன் தடுமாற்றங்களும் தேறாத முயற்சிகளும் கூடவே இருந்தால்தான் மனம் நிறைவு கொள்ளுமா என்ற கேள்வி வெகுகாலமாக என்னைத் தொடர்ந்து வந்திருக்கிறது. அதற்கு விடை சொல்லும் சம்பவம் ஒன்றை அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஹாஸ்ய நாடகம் ஒன்றின் சரித்திரத்திலே கண்டேன்.

லூசில் பால், தேசி ஆர்னாஸ் என்ற தம்பதி, கணவன் மனைவியாகவே நடித்த 'ஐ லவ் லூசி' 1951 அக்டோபர் 15-ஆம் தேதி ஆரம்பமாகி 1957 வரை நடைபெற்றது. கியூபாவில் பிறந்து ஸ்பானிய வாடையோடு ஆங்கிலம் பேசும் ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக ஜனங்கள் ஏற்பார்களா என்று ஸி.பி.எஸ். நிறுவனத்தார் சந்தேகித்தபோது, அந்தத் தம்பதி வாதம் செய்து நேரத்தைப் போக்காமல், 1950-இல் ஊர் ஊராக மேடையேறி, கூடியிருந்தோரின் சிரிப்பையே தங்கள் பதிலாகக் கொண்டுவந்தார்கள். அதன் பயனாக 1951 மார்ச் 2-ஆம் தேதி ஹாலிவுட்டில் மாதிரி நாடகம் ஒன்று தயாராயிற்று. தொலைக்காட்சித் திரையில் தோன்றும் பிம்பத்தை, அதன் எதிரே நிறுத்திய சினிமாக் காமிராவினால் பதிவு செய்யும் 'கைனஸ்கோப்' முறையில் எடுக்கப்பட்ட அந்தப் படச்சுருள், விளம்பரதாரரைத் தேடித் தந்ததோடு தன் காரியம் முடிந்து, கண்ணில் படாமல் மறைந்து போயிற்று.

அதன் பின் வந்த தொடருக்கோ வேறு விதமான பாக்கியம் வாய்த்தது. அக்காலத்துப் பெரிய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரடியாகவே ஒளிபரப்பாகி வந்திருக்க, கலிபோர்னியாவை விட்டுப் பெயர மனமில்லாத இவ்விருவரும், தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு தொடரின் உரிமையைப் பெற்று, 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த கார்ல் பிராய்ண்டை வரவழைத்து, பார்வையாளர் முன்னிலையிலேயே 35 மில்லிமீட்டர் சினிமாப் படமாக மூன்று காமிராக்களால் ஒவ்வொரு வாரத்து நாடகத்தையும் எடுத்தார்கள். ஆகவே தொடர் முழுவதும் பளிச்சென்று நிலைத்துவிட்டது. அதற்கெல்லாம் விதையான அந்த முதல் முயற்சி மாத்திரம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் காணாமற்போயிருந்தது.

அதைக் காப்பாற்றி வைத்திருந்தது பெப்பிட்டோ என்ற ஸ்பானியக் கோமாளியின் வீடு. 1950-ஆம் ஆண்டு மேடைப் பயணத்துக்காக லூசிக்கு ஸெல்லோ வாத்தியத்தை வைத்துச் செய்யும் கோமாளி வித்தையைக் கற்றுக் கொடுத்தவர் அவர். மாதிரி நாடகத்திலும் தோன்றியவர். அவருக்கு தேசி பரிசாகக் கொடுத்த பிரதி, அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய மனைவியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. 1989 ஏப்ரலில் லூசில் பால் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி, மீண்டு வந்த அந்த நாடகத்தை உலகம் கண்டது. அன்று அதை அறிமுகம் செய்து வைத்தவர் லூசியின் புதல்வி. படம் எடுத்த நாளில் அவர் தாயின் கர்ப்பத்தில் இருந்தவர்! தாய் தொளதொளத்த உடையில் அந்தக் கர்ப்பத்தை மறைத்துக்கொண்டு, கோமாளியாய்க் குதித்து ஆடுவதை அந்தப் பெண் பார்த்திருக்கிறார்.

கலை என்ற அளவுகோலால் அளந்தால் இந்த நாடகம் பெரிதல்ல. பிம்பம் மங்கல், தொடரின் உயிர்நாடியான அண்டை வீட்டு எத்தலும் பிரெட்டும் இதில் இன்னும் பிறக்கவேயில்லை, கதையையும் 1951 நவம்பரிலேயே செப்பனிட்டு, தொடரின் ஒரு பகுதியாக மேலும் அழகாக நடித்து விட்டார்கள். அப்படியிருந்தும் அது கிடைத்தபோது ரசிகர்கள் அடைந்த ஆனந்தம் சாமானியமானதன்று. காரணம் எளிது. பரிபூரணமான கலை, தான் கடந்து வந்த பாதையை நம் கண்ணுக்கு மறைத்து விடுகிறது. எப்போதுமே அப்படியே இருந்தது போன்ற பிரமையை உண்டாக்குகிறது. ஆரம்பப் பிரதியோ, இது நடவாமலே போயிருக்கலாம், இவர்கள் தோற்றிருக்கலாம், அந்த அச்சத்தோடுதான் சிரிக்க வைத்தார்கள் என்ற உண்மையைக் காட்டுகிறது. அதைக் கண்ட பிறகு நம் வியப்பு பிரியமாக முதிர்கிறது.

வாழ்க்கையிலும் நாம் பெரும்பாலும் தேறிய பிரதிகளையே பத்திரப்படுத்துகிறோம். பட்டம் பெற்ற படத்தைச் சுவரில் மாட்டி, பரீட்சைக்கு அஞ்சி எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுகிறோம். நம்மைப் பற்றி நாமே வெட்கப்படும் பருவங்களை எவரும் காணாமல் அழித்துவிட்டால் கௌரவம் என்று எண்ணுகிறோம். ஆனால் எது தகுதியானது என்று தீர்ப்புச் சொல்ல அவரவருக்குச் சக்தி இருப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். மாதிரி நாடகத்தைச் செய்தவர்களுக்கு அது முடிந்து போன காரியம். கூட நின்று உதவிய சிநேகிதனுக்கோ அது வாழ்நாள் பொக்கிஷம். நம்மில் தேறாதவற்றை நமக்காகக் காத்து வைப்பவர்கள் நம்மை நேசிப்பவர்கள்தாம். அந்தக் கடமை அவர்கள் விஷயத்தில் நமக்கும் உண்டு. ஆகையால் சிநேகிதர் ஒருவரின் முதல் கதை, தம்பியின் கோணல் எழுத்து, தாயார் பாதியில் நிறுத்திய நாட்குறிப்பு ஆகியவை கைக்கு வந்தால், நல்லதா என்று பரீட்சிக்காமல் வாங்கி வைத்துக்கொள்வதே அன்பின் லக்ஷணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.