ஏழையின் முகம் யாருக்குச் சொந்தம்?

வெலிமடைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்து வீட்டில், சென்ற மாதம் ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்தேன். கணவர் நோயாளி. மூத்த மகள் உயர்தர வகுப்பு மாணவி. சில மாதங்களுக்கு முன் மூன்று இளைஞர்கள் வேனில் வந்து அரிசி, மா, பருப்பு, பால்மா கொடுத்திருக்கிறார்கள். பொதிகளை இறக்குமுன் கைத்தொலைபேசியை உயர்த்தி, ஒழுகும் கூரையையும் வெறும் அடுப்பையும் படுத்திருந்தவரையும் படமெடுத்தார்கள். "எப்படிம்மா சீவிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். தாய் அழுதார். அந்த அழுகைக்குச் சோக இசை சேர்க்கப்பட்டு அது யூடியூபில் ஏறியது.

வட்ஸ்அப் வழியே அது மகளின் வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. பிள்ளை இரண்டு வாரம் பாடசாலைக்குப் போகவில்லை. பொதி பத்து நாளில் தீர்ந்துவிட்டது, காணொளி தீரவில்லை.

"வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே அம்மா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எத்தனை மதிகெட்ட கேள்வி என்று உறைத்தது. "வீட்டுல அரிசி இல்லாதப்ப எப்படிங்க சாமி வேணாம்னு சொல்றது? புள்ளைக்குப் புடிக்கல. நான்தான் சும்மா நில்லுன்னேன்" என்றார்.

கைத்தொலைபேசியைத் தூற்ற நான் இதை எழுதவில்லை. கெப்பெட்டிப்பொல பொருளாதார நிலையத்தில் அன்றன்று போஞ்சிக்கும் கிழங்குக்கும் என்ன விலை என்பதை நம் விவசாயி இன்று தோட்டத்திலிருந்தே கேட்டறிகிறார். கொரோனாக் காலத்தில், 2021இல், நமது பதுளை மாவட்டத்தின் மீகஹகிவுலப் பகுதிப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டுப் பாறை மீதேறிப் படித்ததை உலகமே செய்தியில் கண்டது. மாலையில் இளைஞர்கள் பாட்டுக்கு வாயசைத்து டிக்டொக்கில் போடுவதையும் நான் பெரிய பாவமாகக் கருதவில்லை. அவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே காட்டுகிறார்கள். பிறருடைய முகத்தை எடுத்துக் காட்டுவதுதான் என் கேள்வி.

இந்தத் தொழிலின் கணக்கைக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. யூடியூபில் விளம்பர வருமானம் பெற, ஓர் அலைவரிசைக்கு 1000 சந்தாதாரரும் ஓராண்டுக்குள் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது வழமையான விதி. அதன்பின் நீண்ட காணொளிகளில் வரும் விளம்பரப் பணத்தில் 55 வீதம் படமெடுத்தவருக்குச் சேரும். பார்ப்பவர் எந்த நாட்டவர் என்பதைப் பொறுத்து விளம்பரத்தின் விலையும் மாறும். கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ ஒருவர் பார்த்தால் கிடைப்பது அதிகம். பதுளையில் பார்த்தால் குறைவு. ஆகவே நம் லயத்துத் தாயின் கண்ணீருக்கு ரொறன்ரோவில் ஒரு விலை, இங்கே ஒரு விலை. அந்த விலையில் ஒரு சதம்கூட அழுதவருக்கு உரியதென எங்கும் எழுதப்படவில்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டுவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்த நாட்டில், கண்ணீரும் ஓர் ஏற்றுமதிப் பொருளாகிவிட்டது.

"அவர்கள் சம்மதித்துத்தானே நின்றார்கள்?" என்று சிலர் கேட்பர். கப்பலோட்டி ஒருவன் புயலில் அகப்பட்டு, உயிர் பிழைப்பதற்காகச் சரக்கையெல்லாம் கடலில் எறிகிறான். அவன் எறிந்தது விரும்பியா, விரும்பாமலா? கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் ஆராய்ந்த கேள்வி இது. கையை அசைத்தவன் அவனே. எனினும் புயல் இல்லாதிருந்தால் எந்தப் புத்தியுள்ளவனும் தன் சரக்கை எறியமாட்டான். ஆதலால் அதை இரண்டும் கலந்த செயல் என்றார் அவர். குருமடத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்குரிய பாடமாகவே எனக்குத் தோன்றியது. பசி என்ற புயலில் அந்தத் தாய் எறிந்த சரக்கு அவருடைய மானம். மகளின் மானமும் அதனுடன் போயிற்று. புயலைக் கிளப்பியவர்கள் அந்த இளைஞர்கள் அல்லர். ஆனால் எறிந்த சரக்கைக் கரையில் நின்று பொறுக்கியவர்கள் அவர்கள்.

2025 மார்ச்சில் யாழ்ப்பாணப் பகுதியில், உதவி கொடுக்கச் சென்ற வீட்டில் கமராவுக்கு முன்வர மறுத்த பெண்பிள்ளையை இழிவாகப் பேசினார் என்ற குற்றச்சாட்டில் ஒரு யூடியூபர் கைதானார். ஊரே கொதித்தது. ஆனால் அன்பாகப் பேசிப் படமெடுத்திருந்தால் நாம் கொதித்திருப்போமா? "நல்ல பிள்ளை, எவ்வளவு உதவி செய்கிறான்" என்று பகிர்ந்திருப்போம்.

எதிர்வாதத்திலும் உண்மை உண்டு, அதை ஒளிக்கக்கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தபோது, நம் மாவட்டத்தில் மண் சரிந்து உயிர்கள் போன இடங்களை வெளியுலகுக்குக் காட்டியவற்றில் சாதாரண மக்களின் கைத்தொலைபேசிகளும் அடங்கும். படத்தைக் கண்டுதான் பலர் பணம் அனுப்பினர். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்த மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டபோதும் படங்களே நாட்டை உலுக்கின. அனுப்பிய காசு உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கொடுத்தவர் அறிய விரும்புவதும் நியாயமே. ஏமாற்றுக்காரர் மலிந்த காலம் இது.

ஆனால் சரிந்த மலையைக் காட்டுவது வேறு; அழும் தாயைக் காட்டுவது வேறு. கொடுத்ததற்குச் சாட்சி வேண்டுமென்றால், கடைப் பற்றுச்சீட்டு சாட்சியாகாதா? கட்டி முடித்த கூரை சாட்சியாகாதா? பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தருமத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று இருவரும் அறியாத தருமத்தை உயர்ந்த படிகளில் ஒன்றாக வைத்தார். அதற்கும் மேலாக அவர் வைத்தது, ஒருவன் இனிக் கையேந்தாதபடி அவனுக்குத் தொழில் வழி காட்டுவதை. தருமத்துக்கு எக்காளம் ஊதுவதைப் பற்றி மலைப்பொழிவில் உள்ளதை நான் வாசகருக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஊதுகுழல் மட்டுமே மாறியிருக்கிறது.

இத்தனையும் எழுதிவிட்டு, நமது பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. "உலர் உணவு வழங்கும் வைபவம்" என்று எத்தனை படங்கள்! நடுவில் பதாகை, இருபுறமும் பெரியவர்கள், பொதியை நீட்டும் கை, அதைப் பெறும் குனிந்த தலை. பெறுபவரின் பெயர் போட்டதில்லை, முகத்தைப் போட்டோம். அவற்றுள் சிலவற்றை அச்சுக்குத் தெரிந்து அனுப்பியவன் நானே. அந்த முகங்களுக்குரிய பிள்ளைகளும் அடுத்த நாள் பாடசாலைக்குப் போயிருப்பார்கள். யூடியூப் இளைஞர் நம்மிடமிருந்து கற்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

அந்த மாணவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அதை அழிக்கச் சொல்ல முடியுமா சாமி?" அலைவரிசைக்காரருக்கு இருமுறை எழுதினேன். பதில் இல்லை. மூன்றாம் முறையும் எழுதுவேன்.

இனி இவ்விதழில் உதவி பெறுவோரின் முகம் அச்சாகாது. பங்குச் சபைகளும் இளைஞர் மன்றங்களும் உதவி பற்றிய செய்தி அனுப்பும்போது, என்ன பொருள், எத்தனை குடும்பம், எவ்வளவு செலவு என்று எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைக்கவும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய அன்பர்களுக்கு அதன் பிரதியை நாமே அனுப்பி வைப்போம். கொடுத்தவரின் படத்தைப் போடலாமா என்று ஏற்கெனவே இருவர் கேட்டுவிட்டார்கள். பொதியில்லாமல் நின்றால் போடுவோம்.