மொட்டைமாடித் தொட்டியும் வியாஜமும்

அருள் என்று பேச்செடுத்தால் எங்கள் ஊரில் குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும் வந்து நின்றுவிடும். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ள வேண்டும், அது வைணவத்தின் வடகலைப் பிரிவு. பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும், இது தென்கலை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவன் இதைக் கேட்காமல் தப்ப முடியாது. நான் பிறந்தது தென்கலைக் குடும்பம், மனைவி வடகலை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால்கூட இந்தச் சர்ச்சை ஓயாது. ஆனால் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இரண்டு குட்டிகளும் சரிப்படவில்லை. முதலில் அசைவது எது, இரண்டாவது எது என்று அவை காட்டுவதில்லை. அதைக் காட்டியது ஷவர் பம்ப்தான்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டைமாடி, அங்கே தொட்டி. தொட்டியின் அடியிலிருந்து எங்கள் ஷவர் வாய்க்கு இரண்டு மீட்டர் உயரம் தேறும். பத்து மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். ஆக எங்களுக்கு 0.2 பார். பக்கெட் நிரம்பும், ஷவரில் நூல் நூலாகத்தான் இறங்கும். தரைத்தளத்துக்காரருக்கோ அதே தொட்டியிலிருந்து ஒரு பாருக்கு மேல் கிடைக்கிறது, அவர் ஒரு காசு செலவழிக்காமல். தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. தாழ்ந்த இடத்துக்கே தண்ணீர் வேகமாகப் போகிறது. வாத்ஸல்யத்துக்கு, குற்றமுள்ளவனிடமே கூடுதலாக இறங்கும் அன்பு என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கொடுக்கும் விளக்கம் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

பம்ப் பொருத்த வந்த பிளம்பர் தம்பி சொன்னான்: "சார், மோட்டார் தானா ஓடாது. முதல்ல தண்ணி அதுபாட்டுக்குக் கொஞ்சம் வரணும். வந்தாத்தான் ஸ்டார்ட் ஆகும்." பழைய தொழில் புத்தி, நான் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். உள்ளே காந்தம் வைத்த சின்ன மிதவை ஒன்று. ஓடும் தண்ணீர் அதைத் தள்ள, காந்தம் நெருங்கி, கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொள்கின்றன, மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் நின்றால் மிதவை இறங்கும், மோட்டாரும் நிற்கும். ஷவர் வாய் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் இந்த வகை பம்ப் வேலைக்கே ஆகாது. எங்களுக்குத் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இறங்குவதால் அதில் பொருத்தினோம். பொதுக்குழாயில் வைத்தால் பக்கத்து வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். குடிநீர் இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிற மகான்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீவசனபூஷணம் செய்த எங்கள் தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் வழியில் அருளுக்குக் காரணம் தேடக்கூடாது. ஜீவன் செய்ய வேண்டியதெல்லாம் விலக்காமை, அதாவது வருகிறதைத் தடுக்காமல் இருப்பது. வடகலை ஆசாரியர் வேதாந்த தேசிகர் (1268–1369) கேட்பது வேறு. காரணமே இல்லாமல் ஒருவனைக் கைதூக்கி இன்னொருவனை விட்டுவிட்டால் பகவானுக்குப் பாரபட்சம் என்ற குற்றம் வராதா? ஆகவே ஒரு வியாஜம், ஒரு சாக்கு, வேண்டும். சரணாகதி அந்தச் சாக்கு. அது அருளுக்குக் கொடுக்கிற விலை அல்ல. கருணை இயல்பிலேயே அவனிடம் உண்டு என்பதில் அவருக்கும் மறுப்பில்லை.

ஷவரைத் திறக்கும் கை தண்ணீரை இழுப்பதில்லை, வழிவிடுகிறது. அது விலக்காமை. தண்ணீர் தன் எடையால் இறங்குகிறது. அதன் பிறகுதான் மோட்டார், அதாவது நம் சாதனையெல்லாம். மோட்டாரின் இரைச்சலைக் கேட்டு, தண்ணீரைக் கொண்டுவந்ததே அதுதான் என்று நினைக்கிறோம். ஜபமும் விரதமும் வைத்திருக்கிறவர்களிடம் இந்த இரைச்சலை நான் நிறையவே கேட்டிருக்கிறேன்.

மனைவியிடம் இதைச் சொன்னேன். "திறக்கிறதும் ஒரு காரியந்தானே? அதைத்தான் எங்காத்துல வியாஜம்னு சொல்றா," என்றாள். நியாயம்தான். இரண்டு கலைக்கும் நடுவில் இருக்கும் தூரம் குழாயின் கால் திருப்பு என்று ஏற்றுக்கொள்ளத் தயார். ஆனால் வரிசையில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதலில் இறங்குவது தண்ணீர்.

தேசிகரின் கேள்விக்கு மட்டும் பம்ப் உதவவில்லை. தொட்டிக்குத் தன் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது. அதன்மேல் பாரபட்சம் சுமத்த வழியில்லை. எல்லாம் தெரிந்தவன்மேல் சுமத்தலாம். எங்கள் பக்கத்தில் அதற்குச் சொல்லும் பதில் ஸ்வாதந்திரியம்: அவன் இஷ்டம். எந்த இயந்திரம் நின்றாலும் காரணம் தேடியே சம்பளம் வாங்கியவனுக்கு இந்தப் பதில் தொண்டையில் இறங்க மறுக்கிறது. இந்த ஓர் இடத்தில் நான் மனைவி கட்சி.